ஆப்பிரிக்காவில் ஊர்த்திடல் சினிமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் கிராமத்துத் திடலிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் அகதி முகாமிலும் இலவசமாகப் படம் போடுகிறார்கள். எச்.ஐ.வி., மனைவியை அடிப்பது, விதவையின் சொத்து, சிறுமிகளின் கல்யாணம் என்று ஊரில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயங்களை அந்தப் படத்தை வைத்துப் பேச வைக்கிறார்கள். இதைப் பற்றி எழுதும்போதெல்லாம் அதே கேள்விகள் சுற்றிச் சுற்றி வருவதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். ஆப்பிரிக்கா 54 நாடுகள் கொண்ட கண்டம். அதனால் எது எந்த நாட்டில் நடந்தது என்று சொல்லியே எழுதியிருக்கிறேன். உகாண்டாவில் சரிப்பட்டது நைஜரிலும் சரிப்படும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யார் இதையெல்லாம் நடத்துகிறார்கள்?

பல வகை ஆட்கள். பிரெஞ்சு புழங்கும் மேற்கு ஆப்பிரிக்காவில் தெரிந்த பெயர் 'சினேமா நியூமெரிக் ஆம்புலான்'. 2001-ல் பெனினில் ஆரம்பித்து நைஜர், மாலி, புர்கினா ஃபாசோ என்று பரவியது. ஒரு வண்டி, ஒரு புரொஜெக்டர், கழற்றி மாட்டும் திரை, ஜெனரேட்டர், ஊர் மொழி பேசுகிற இரண்டு மூன்று பேர், அவ்வளவுதான் படை. இருட்டியதும் ஒரு விழிப்புணர்வுப் படம், அதன்மேல் கொஞ்சம் பேச்சு, அப்புறம் ஆப்பிரிக்க இயக்குநர் ஒருவரின் கதைப்படம். இந்தக் கடைசிப் பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் ஆப்பிரிக்கப் படங்கள் ஐரோப்பியத் திரைப்பட விழாக்களுக்குப் போகிற அளவுக்கு ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குப் போவதில்லை.

தெற்கே, அதே 2001 வாக்கில், 'ஸ்டெப்ஸ் ஃபார் தி ஃப்யூச்சர்' என்று ஒரு திட்டம் கிளம்பியது. தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ, மொசாம்பிக் மாதிரி நாடுகளில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களைப் பற்றி முப்பதுக்கும் மேற்பட்ட ஆவணப்படங்களை எடுத்து, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். கென்யாவின் ககுமா அகதி முகாமில் 'ஃபிலிம்எய்ட்' வேலை செய்தது. தென்னாப்பிரிக்காவில் 'சன்ஷைன் சினிமா' சூரிய ஒளி மின்சாரத்திலேயே படம் போடுகிறது.

இன்னொரு தரப்பையும் சொல்லவேண்டும். 1979-ல் வந்த 'ஜீசஸ்' படத்தை எடுத்துக்கொண்டு கிறிஸ்தவ ஊழியக் குழுக்கள் பல வருஷமாக இந்தக் கண்டத்தில் சுற்றுகின்றன. உலகத்திலேயே அதிக மொழிகளில் பேசும் படம் அதுதான். அதனால் திரையை இறக்கும்போதே "சர்ச்சா?" என்று ஊரில் யாராவது கேட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாம் யார், எதற்காக வந்திருக்கிறோம் என்பதை முதல் பத்து நிமிஷத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

எல்லார் கையிலும் போன் இருக்கே, இனிமேல் எதுக்குத் திரை?

முதலில், எல்லார் கையிலும் இல்லை. கிராமத்தில் நல்ல போன் பெரும்பாலும் ஆண்களிடம்தான் இருக்கும், டேட்டாவும் மலிவு கிடையாது. அது ஒருபக்கம்.

என் கணக்கில் பெரிய காரணம் வேறு. போனில் பார்க்கும்போது நான் பார்த்தது எனக்கு மட்டும்தான் தெரியும். திடலில் பார்த்தால் என் மாமியார் பார்த்தது எனக்குத் தெரியும், நான் பார்த்தது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும், ஊர்த்தலைவர் எந்த இடத்தில் சிரித்தார், எந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலையில் கிணற்றடியில் அந்தப் பேச்சை எடுக்க யாரும் தயங்க வேண்டியதில்லை, ஏனென்றால் அது படத்தில் வந்த பெண்ணைப் பற்றிய பேச்சு, யார் வீட்டுக் கதையும் இல்லை. மனசுக்குள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் ஊருக்கே பொதுவாகத் தெரிந்த விஷயமாக மாறுகிறது. இலவசத் திரையிடல் செய்கிற முக்கியமான வேலை இதுதான் என்று நினைக்கிறேன், தகவல் சொல்வதெல்லாம் அதற்கு அப்புறம்.

இது வெள்ளைக்காரன் காலத்து வேலைதானே?

ஆமாம், அதை மறைக்கக் கூடாது. வில்லியம் செல்லர்ஸ் என்ற சுகாதார அதிகாரி 1920-களின் கடைசியிலிருந்தே நைஜீரியாவில் படம் காட்டிக்கொண்டிருந்தார். லாகோஸில் பிளேக் பரவிய காலம், எலி ஒழிப்பு பற்றியெல்லாம் படம். கிழக்கே, 1935 முதல் 1937 வரை, கார்னகி நிறுவனத்தின் பணத்தில் தாங்கனீக்கா (இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி), கென்யா, உகாண்டா பகுதிகளில் 'பான்டு கல்வித் திரைப்படப் பரிசோதனை' நடந்தது. 1939-ல் பிரிட்டிஷ் அரசு 'காலனித் திரைப்படப் பிரிவு' என்று தனியாக ஒன்றை அமைத்து அதைச் செல்லர்ஸ் கையில் கொடுத்தது. முதலில் அதன் வேலை போர்ப் பிரச்சாரம், சுகாதாரமும் விவசாயமும் அப்புறம் சேர்ந்துகொண்டன.

செல்லர்ஸுக்கு ஒரு கொள்கை இருந்தது. ஆப்பிரிக்கக் கிராமத்தானுக்குச் சினிமா புரியாது, அதனால் படம் மெதுவாக ஓட வேண்டும், நெருக்கக் காட்சி கூடாது, வெட்டி ஒட்டும் வித்தை எதுவும் கூடாது. கொசுவைப் பெரிதாகக் காட்டினால் "எங்கள் ஊரில் இவ்வளவு பெரிய கொசு கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள் என்ற கதை அந்த அதிகாரிகள் நடுவே ஊறுகாய் மாதிரி எல்லாச் சாப்பாட்டுக்கும் தொட்டுக்கொள்ளப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1929-ல், உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி கிழக்கு ஆப்பிரிக்கப் பள்ளிகளில் படம் போட்டுப் பார்த்து, பிள்ளைகளுக்கு நன்றாகவே புரிகிறது என்று எழுதிவிட்டார். யார் கேட்டார்கள்?

அந்தக் கோழிக் கதை உண்மையா?

கனடாவின் ஊடக அறிஞர் மார்ஷல் மெக்லூஹன் 1962-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் எடுத்துச் சொன்னதால் பிரபலமான கதை. ஜான் வில்சன் என்ற பேராசிரியர் சொன்னது. வீட்டைச் சுற்றித் தேங்கும் தண்ணீரை எப்படி அகற்றுவது என்று ஒரு சுகாதாரப் படம், ரொம்ப நிதானமாக எடுத்தது. பார்த்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் "கோழி" என்றார்களாம். எடுத்தவர்களுக்கே அதில் கோழி இருப்பது தெரியாது. ஒவ்வொரு சட்டமாக ஓட்டிப் பார்த்தபோது, ஒரு மூலையில் ஒரு விநாடி அளவுக்கு ஒரு கோழி படபடத்துப் போவது தெரிந்தது.

இதை வைத்து 'அவர்களுக்குப் படம் பார்க்கத் தெரியாது' என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். எனக்கு என்னமோ எதிர்ப்பக்கமாகத்தான் படுகிறது. யாரோ ஒரு ஆள் ஆமை வேகத்தில் வாளியைத் தூக்கி வைக்கிற படத்தில், உயிரோடு சட்டென்று அசைந்தது அந்தக் கோழி ஒன்றுதான். நானாக இருந்தாலும் கோழியைத்தான் பார்த்திருப்பேன். இன்றைக்கும் விழிப்புணர்வுப் படம் எடுக்கிறவர்கள் இந்தக் கதையைச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

ஆப்பிரிக்கர்களே இதை எப்படிப் பார்த்தார்கள்?

செனகலின் உஸ்மான் செம்பேன் கதை இங்கே வர வேண்டும். அவர் முதலில் நாவலாசிரியர். பிரெஞ்சில் எழுதினார், தன் ஜனங்களில் பெரும்பாலோரால் அதைப் படிக்க முடியாது என்பது உறைத்ததும் நாற்பது வயதுக்குப் பக்கத்தில் மாஸ்கோவுக்குப் போய்ச் சினிமா கற்றுக்கொண்டு வந்தார். சினிமாவை 'இராப்பள்ளி' என்பார். 1968-ல் வந்த அவருடைய 'மந்தாபி' வொலோஃப் மொழியில் பேசியது. ஒரு முழுநீளப் படம் ஆப்பிரிக்க மொழியிலேயே பேசுவது அன்றைக்குப் புதுசு.

அவருடைய கடைசிப் படம் 'மூலாதே', 2004. பெண்ணுறுப்புச் சிதைப்புக்குப் பயந்து ஓடிவரும் சிறுமிகளுக்கு ஒரு பெண் அடைக்கலம் கொடுக்கிறாள். எப்படி? வாசலின் குறுக்கே ஒரு வண்ணக் கயிற்றைக் கட்டுகிறாள், அவ்வளவுதான். அந்தக் கயிற்றைத் தாண்டினால் சாபம் பிடிக்கும் என்று ஊரே நம்புவதால் பெரிய மனிதர்கள் எல்லாம் வாசலுக்கு வெளியே நின்று கத்துகிறார்கள். ஊர் மரபை எதிர்க்க ஊர் மரபையே ஆயுதமாக எடுக்கிறாள். வெளியூர்ப் பிரச்சாரப் படம் பத்து மருத்துவர்களை வரிசையாக நிறுத்தினாலும் அந்தக் கயிறு செய்கிற வேலையைச் செய்யாது.

சரி, பலன் இருக்கிறதா? ஆதாரம் காட்டுங்கள்.

இருக்கிறது, சில நல்ல ஆய்வுகள். ஆனால் அவை சொல்வது நாம் எதிர்பார்க்கிற மாதிரி இல்லை.

உகாண்டாவில் 112 கிராமங்களில், டொனால்ட் கிரீன், அன்னா வில்கே, ஜாஸ்பர் கூப்பர் என்ற மூன்று ஆய்வாளர்கள் செய்ததை எடுத்துக்கொள்வோம். 2020-ல் வெளியானது. கிராமத்து வீடியோ கொட்டகைகளில் இலவசமாகச் சினிமா போட்டார்கள், பத்தாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். வந்தது வழக்கமான பொழுதுபோக்குப் படம் பார்க்கத்தான். சில கிராமங்களில் மட்டும், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, நடுநடுவே குடும்ப வன்முறை பற்றிய குட்டி நாடகங்களைப் போட்டார்கள். அடி நடப்பது தெரிந்தால் வாயைத் திற, யாரிடமாவது சொல் என்பதுதான் அதன் சாரம். சில மாதம் கழித்துப் போய்க் கேட்டால், மனைவியை அடிப்பது தப்பா சரியா என்ற எண்ணத்தில் மாற்றமே இல்லை. முன்பு சரி என்றவர்கள் இப்போதும் சரி என்கிறார்கள். ஆனால், வன்முறை நடந்தால் அதிகாரிகளிடம் சொல்வோம் என்பவர்கள் கணிசமாகக் கூடியிருந்தார்கள், முக்கியமாகப் பெண்கள். அந்தக் கிராமங்களில் வன்முறைக்கு ஆளான பெண்களின் பங்கும் குறைந்திருந்தது.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். யாருடைய மனசும் மாறவில்லை, அடி குறைந்துவிட்டது. 'வெளியே சொன்னால் புறணி பேசுகிறவள் என்று பெயர் வந்துவிடும்' என்ற பயம் குறைந்ததுதான் காரணமாகத் தெரிகிறது. பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் யாராவது கதவைத் தட்டுவார்கள் என்று தெரிந்தால், அடிக்கிறவனும் யோசிப்பான் இல்லையா?

அடுத்தது நைஜீரியா. எச்.ஐ.வி. பற்றிய கதை வரும் 'எம்டிவி ஷுகா' என்ற டி.வி. தொடரை இளைஞர்களைக் கூட்டிவைத்துப் போட்டுக் காட்டினார்கள், இன்னொரு குழுவுக்குச் சாதாரணத் தொடர். அபிஜித் பானர்ஜி, எலியானா லா ஃபெராரா, விக்டர் ஒரோஸ்கோ செய்த ஆய்வு. எட்டு மாதம் கழித்து, ஷுகா பார்த்தவர்கள் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்வது மற்றவர்களைப் போல இரண்டு மடங்காக இருந்தது. பெண்களிடையே பாலியல் நோய்த்தொற்றும் குறைந்திருந்தது. கதையில் ஒன்றிப்போய்ப் பார்த்தவர்களிடம் பலன் அதிகம். அதேசமயம், நண்பர்களோடு சேர்ந்து பார்க்க வைப்பது, 'உன்னைப் போன்ற மற்றவர்கள் இப்படி நினைக்கிறார்கள்' என்று கூடுதலாகக் காட்டுவது இதெல்லாம் தனியாகப் பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. போன் பற்றிய கேள்வியில் நான் சொன்னதற்கு இது கொஞ்சம் எதிராகப் போகிறது, தெரிந்தேதான் இங்கே வைக்கிறேன். நகரத்து இளைஞர்களின் பரிசோதனையும் கிராமத்துக் குடும்ப வன்முறையும் ஒரே மாதிரி விஷயம் இல்லை என்பது என் எண்ணம். முதலாவதை நானே முடிவெடுத்துப் போய்ச் செய்துகொள்ளலாம், இரண்டாவதற்கு ஊர் துணை வேண்டும்.

படிப்பு மாதிரி விஷயத்துக்கும் உதவுமா?

உகாண்டாவிலேயே இன்னொரு ஆய்வு, எமா ரைலி செய்தது. கம்பாலாவின் கட்வே சேரியில் வளர்ந்து செஸ் ஆடிப் பெயர் வாங்கிய ஃபியோனா முடேசியின் கதையை மீரா நாயர் 2016-ல் படமாக எடுத்தார், 'குவீன் ஆஃப் கட்வே'. பொதுத்தேர்வுக்கு முன்னால் மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு இதையும், மற்றவர்களுக்கு வேறொரு கற்பனைப் படத்தையும் காட்டினார்கள். இதைப் பார்த்தவர்கள் கணக்குப் பாடத்தில் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள், அதிலும் பெண்பிள்ளைகளும் படிப்பில் பின்தங்கிய மாணவர்களும். ஒரே ஒரு படம்தான்! கதாநாயகி அவர்கள் ஊர்ப்பெண், அவர்கள் நடக்கிற அதே சேற்றில் நடந்தவள் என்பதை மறந்துவிட்டு இதைப் படிக்கக் கூடாது.

எந்த மாதிரிப் படம் எடுபடும்?

கதை இருக்கிற படம். உபதேசம் வேண்டாம்.

ஜிம்பாப்வேயில் 1990-களின் தொடக்கத்தில் வந்த 'நேரியா'வைச் சொல்லலாம். கதை எழுதியவர் சிட்சி டங்கரெம்பா, இசை ஆலிவர் முட்டுகுட்ஸி. புருஷன் செத்ததும் அவன் அண்ணன் வந்து வண்டி, வீட்டுச் சாமான், கடைசியில் பிள்ளைகள் வரைக்கும் உரிமை கொண்டாடுகிறான், எல்லாம் 'வழக்கம்' என்ற பெயரில். அவள் சட்டத்தை நாடுகிறாள். இதில் எனக்குப் பிடித்தது, படம் வழக்கத்தைக் கேவலப்படுத்தவில்லை. வழக்கத்தின் பின்னால் ஒளிந்துகொண்ட பேராசைக்காரனைத்தான் காட்டிக்கொடுக்கிறது. பார்க்கிற பெரியவர்கள் தங்களைத் திட்டுவதாக நினைத்து எழுந்துபோக வேண்டிய அவசியம் வராது.

குட்டிப் படங்களும் நல்லது. 1997-ல் செனகல், மாலி, புர்கினா ஃபாசோ பக்கம் ஒரு போட்டி வைத்தார்கள், 'சாஹேலிலிருந்து காட்சிகள்' என்ற பொருளில் அதன் பெயர் (சாஹேல் என்பது சஹாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட பகுதி). எச்.ஐ.வி. பற்றி இளைஞர்களே கதை எழுதி அனுப்ப வேண்டும், தேர்ந்ததை இத்ரிஸ்ஸா உவேத்ராவோகோ, ஃபந்தா ரெஜினா நாக்ரோ மாதிரிப் பெரிய இயக்குநர்கள் குறும்படமாக எடுப்பார்கள். சில நிமிஷப் படம், பல மொழிகளில் குரல் மாற்றம். மூன்று குறும்படம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே பேச விட்டால் ஒரு சாயங்காலம் நிறைந்துவிடும்.

மொழி? கீழே எழுத்து ஓடவிட்டால் போதாதா?

போதாது. படிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள், தெரிந்தவர்களுக்கும் இருபது மீட்டர் தள்ளி மணலில் உட்கார்ந்தால் அந்த எழுத்து தெரியாது. குரல் மாற்றம் வேண்டும், இல்லையென்றால் ஒலிபெருக்கியில் யாராவது கூடவே சொல்ல வேண்டும்.

இந்தக் 'கூடவே சொல்வது' கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு தனிக் கலை. உகாண்டாவின் வீடியோ கொட்டகைகளில் 'விஜே' என்று அழைக்கப்படும் ஆட்கள் வெளிநாட்டுப் படத்தை உள்ளூர் மொழியான லுகாண்டாவில் மொழிபெயர்த்துக்கொண்டே, நடுவில் கிண்டல், ஊர்ச்செய்தி, தங்கள் கருத்து என்று சகலத்தையும் சேர்ப்பார்கள். நடிகரைவிட விஜேவின் பெயரைப் பார்த்து வருகிற கூட்டமே உண்டு. விழிப்புணர்வுப் படத்துக்கு அப்படி ஒருவரை உட்கார வைத்தால் கூட்டம் நிச்சயம். என்ன, உருக்கமான காட்சியில் அவர் ஜோக் அடித்துவிடாமல் முன்கூட்டியே உட்கார்ந்து ஒரு தடவை பேசிக்கொள்ள வேண்டும்.

படம் முடிந்ததும் யார் பேசுவது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் பணம் தீர்ந்தவுடன் முதலில் வெட்டப்படுவது இந்த ஆள்தான்.

லெசோத்தோவில் நடந்ததைப் பாருங்கள். வயது வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்த நாடு, ஆனால் 'எனக்கு இருக்கிறது' என்று ஊரறியச் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஸ்டெப்ஸ் திட்டத்தில் எச்.ஐ.வி. உள்ள சில இளைஞர்களைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார்கள். அப்புறம் அந்த இளைஞர்களில் மூன்று பேரே நடமாடும் சினிமாவோடு மலைக் கிராமங்களுக்குக் கிளம்பினார்கள். அந்தப் பயணத்தையே தெபோஹோ எட்கின்ஸ் 2004-ல் 'ஆஸ்க் மீ, ஐ'ம் பாசிட்டிவ்' என்று படமாக்கினார்.

மேட்டு நிலத்து ஊர், ஜனங்கள் குளிருக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். திரையில் ஒருத்தன் தனக்கு நோய் இருப்பதைச் சொல்கிறான். படம் முடிந்து பார்த்தால் அதே ஆள் எதிரில் நிற்கிறான், தெம்பாக, சிரித்துக்கொண்டு, கேளுங்கள் என்று. முத்தம் கொடுத்தால் ஒட்டுமா, கல்யாணம் பண்ணலாமா, எப்படி வந்தது என்று கேள்வி வரும். நர்சிடம் கேட்கக் கூச்சப்படுகிற கேள்விகளை அவனிடம் கேட்கலாம். அவனுக்குத் தெரிந்தது மருத்துவப் பாடம் இல்லை, அவன் வாழ்க்கை.

எல்லாத் திட்டத்துக்கும் இப்படி ஆள் கிடைக்காது, சரி. ஆனால் பேச்சை நடத்துகிறவர் அந்த மொழிக்காரராக இருக்க வேண்டும், கைதூக்கச் சொல்லிப் பரீட்சை வைக்கக் கூடாது. "இந்தப் படத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று ஆரம்பித்தால் ஊரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சரியான பதிலைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடும். 'நேரியா' போட்டிருந்தால், "அந்த அண்ணன்காரன் செய்ததில் நியாயம் இருக்கிறதா?" என்று கேளுங்கள், சண்டையே வரும். அந்தச் சண்டைதான் நமக்கு வேண்டியது.

என்னென்ன சாமான் வேண்டும்?

நாலு மீட்டர் அகலத் திரைக்கு 3,000 லூமனுக்குக் குறையாத புரொஜெக்டர், இரண்டு நல்ல ஸ்பீக்கர், மைக், லேப்டாப், மின்சாரம். ஒரு கே.வி.ஏ. ஜெனரேட்டர் தாங்கும். அதைத் திரைக்குப் பின்னால் வைக்காமல், நீளமான வயர் போட்டுத் தள்ளி, கூட்டத்தைத் தாண்டிக் காற்று போகிற பக்கம் வையுங்கள், இல்லாவிட்டால் சத்தமும் புகையும் படத்தைத் தின்றுவிடும். நூறு பேருக்குள் கூட்டம் என்றால் சின்ன எல்.இ.டி. புரொஜெக்டரும் சூரிய ஒளியில் ஏற்றிய பேட்டரியும் போதும்.

பணம் குறைவாக இருந்தால் படத்தில் சிக்கனம் பிடியுங்கள், ஒலியில் பிடிக்காதீர்கள். மங்கலான படத்தை ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கேட்கவில்லை என்றால் பின்வரிசை பேச ஆரம்பித்துவிடும், அப்புறம் முன்வரிசைக்கும் கேட்காது. துணித்திரை மெல்லியதாக இருந்தால் பின்பக்கமிருந்தும் படம் தெரியும், இடமில்லாதவர்கள் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளலாம். எழுத்து மட்டும் தலைகீழாக, சாரி, இடவலமாகத் தெரியும். சாஹேல் பக்கம் நவம்பரிலிருந்து மார்ச் வரை ஹர்மாட்டான் காற்று கொண்டுவரும் புழுதி புரொஜெக்டர் ஃபில்டரை அடைத்துவிடும், தினமும் தட்டித் துடைக்க வேண்டும். வெளிச்சத்துக்கு வருகிற பூச்சியை ஒன்றும் செய்ய முடியாது.

எப்போது போடுவது?

இருட்டிய பிறகு. பூமத்தியரேகைப் பக்கம் வருஷம் பூராவும் ஏழு மணிவாக்கில் இருட்டிவிடும். நடவு, அறுவடை, ரமலான், மழையில் பாதை அறுந்துபோகிற மாதங்கள், கால்பந்துப் பெரிய ஆட்டம் இருக்கும் நாள், இதெல்லாம் தவிர்க்க வேண்டியவை. சந்தை நாள் நல்லது.

பெண்கள் வருவார்களா?

ஊருக்கு ஊர் மாறும். இராத்திரியில் வெகுதூரம் நடந்து திரும்ப வேண்டும், சமையல் முடியவில்லை, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று ஆயிரம் தடை. வந்தாலும் ஆண்கள் நடுவே எழுந்து பேச மாட்டார்கள். அதனால் இரவு எல்லாருக்கும் பொதுவாக ஒன்று, மறுநாள் பகலில் ஒரு வகுப்பறையின் ஜன்னலை மூடிவைத்துப் பெண்களுக்கு மட்டும் ஒன்று என்று வைப்பது நல்ல ஏற்பாடு. பேச்சு பெரும்பாலும் அந்த இரண்டாவதில்தான் வெளியே வரும்.

விவசாயம், தொழில் இதுக்கெல்லாம் சினிமாவா?

தாராளமாக. நடு பெனினில் பெண்கள் நெல்லைப் புழுங்கவைத்து விற்கிறார்கள். பழைய முறையில் நெல் தண்ணீரிலேயே கிடந்து வேகும். மேம்பட்ட முறையில் அடியில் ஓட்டை போட்ட பாத்திரத்தில் நெல்லை வைத்து, கீழே கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் வேகவைக்கிறார்கள், அரிசி உடைவது குறையும், நல்ல விலை வரும். புழுங்கல் அரிசி சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆப்பிரிக்க நெல் ஆய்வு மையம் இதை அங்குள்ள பெண்களையே வைத்து வீடியோவாக எடுத்துக் கிராமங்களில் காட்டியது. பிறகு கணக்குப் பார்த்தபோது, பயிற்சிப் பட்டறை 27 சதவீதப் பெண்களைத்தான் எட்டியிருந்தது, வீடியோ 74 சதவீதம். பட்டறைக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்வார்கள், திரைக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், விஷயம் அவ்வளவுதான்.

அகதி முகாமில் எதற்கு? அங்கே சோற்றுக்கே கஷ்டமாயிற்றே?

ஃபிலிம்எய்ட் 1999-ல் கொசோவோ அகதிகளுக்காக ஆரம்பித்தது, 2001-ல் ககுமாவுக்கு வந்தது. ககுமா 1992 முதல் இருக்கிறது. சூடான், சோமாலியா, எத்தியோப்பியா என்று பல நாட்டு ஜனங்கள், அங்கேயே பிறந்து வளர்ந்த தலைமுறையே உண்டு. இத்தனை வருஷம் ஒரே இடத்தில் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பொழுதுபோக்கு ஆடம்பரம் இல்லை. காலரா பற்றி ஒரு குறும்படம், பின்னாலேயே ஒரு கார்ட்டூன், இரண்டையும் அதே கூட்டம் அதே திரையில் பார்க்கிறது.

தீமையாக முடிய வாய்ப்பு உண்டா?

உண்டு. ஒரு பெண் படத்தைப் பார்த்துத் தைரியம் வந்து கூட்டத்தில் எழுந்து, 'எனக்கும் இப்படித்தான் நடக்கிறது' என்று சொல்லிவிட்டாள் என்று வையுங்கள். வண்டி ஒன்பதரைக்குக் கிளம்பிவிடும். அவள் அதே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். கிழக்குக் காங்கோவில் பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட பெண்களைப் பற்றி ஃபான் வெல்சன் சகோதரிகள் 2007-ல் எடுத்த ஆவணப்படத்தைக் கிராமங்களுக்கும், 2009-ல் எடுத்த அடுத்ததைச் சிப்பாய்களுக்கும் கொண்டுபோனார்கள். அந்த மாதிரி விஷயத்தை எடுக்கும்போது அருகில் எந்த மருத்துவமனை, எந்த வக்கீல், எந்தப் பெண் தலைவர் என்பது முதலிலேயே முடிவாகியிருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது அன்று கூட்டத்தில் இருக்க வேண்டும். இது முடியாது என்றால் அந்தப் படத்தைப் போடாதீர்கள், வேறு படம் போடுங்கள்.

இன்னொன்று, சின்னப் பிள்ளைகள். எவ்வளவு சொன்னாலும் முதல் நாலு வரிசை அவர்கள்தான். அவர்கள் பார்க்கக் கூடாத காட்சி இருந்தால், முதலில் அரைமணி அவர்களுக்கு ஏதாவது போட்டு அனுப்பப் பார்க்கலாம், ஆனால் முழுக்க அனுப்ப முடியும் என்று நம்பாதீர்கள்.

இலவசம்தானே, அனுமதியெல்லாம் வேண்டுமா?

வேண்டும். காசு வாங்காததால் பதிப்புரிமை காணாமல் போய்விடாது, தயாரிப்பாளரிடம் பொதுத்திரையிடலுக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். விழிப்புணர்வுக்காக எடுத்த படங்களுக்குப் பெரும்பாலும் சுலபமாகக் கிடைக்கும். அரசுப் பக்கம், கென்யாவில் திரைப்பட வகைப்படுத்தல் வாரியம், நைஜீரியாவில் தணிக்கை வாரியம் என்று நாட்டுக்கு நாடு அமைப்பு உண்டு. கென்யா வாரியம் 2018-ல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட தன் நாட்டுப் படத்தையே தடை செய்தது, ஆகவே லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதற்கெல்லாம் மேல் ஊர்த்தலைவரின் சம்மதம், அது இல்லாமல் எந்தக் காகிதமும் செல்லாது.

ஐந்து பத்து காசு வாங்கினால் என்ன?

வாங்கினால் வராமல் போகிறவர்கள் யாரோ அவர்களுக்காகத்தான் படமே.

நன்கொடையாளருக்கு 'எத்தனை பேர் வந்தார்கள்' என்று சொன்னால் போதுமா?

அவர்களுக்குப் போதும், பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் மின்சாரமில்லாத ஊரில் விளக்குப் போட்டாலே கூட்டம் வரும். உகாண்டா ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள்: மனசு மாறியதா என்று மட்டும் கேட்டிருந்தால் அந்தத் திட்டம் தோல்வி என்று மூடியிருப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் போய், யாராவது புகார் சொன்னார்களா, பரிசோதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று சுகாதார நிலையத்திலும் கிராமக் குழுவிலும் கேளுங்கள். படம் போடாத பக்கத்து ஊரிலும் அதையே கேளுங்கள்.

இங்கிருந்து நான் ஏதாவது செய்ய முடியுமா?

பழைய புரொஜெக்டரைப் பார்சல் பண்ணாதீர்கள், சுங்கத்தில் மாட்டும், பல்பு போனால் அங்கே கிடைக்காது. அங்கேயே வேலை செய்கிற குழுக்களுக்குப் பணமாகக் கொடுங்கள். எதற்கு என்று கேட்டால், ஒரு படத்தை இன்னொரு மொழிக்குக் குரல் மாற்ற, அல்லது பேச்சை நடத்துகிறவரின் சம்பளத்துக்கு என்று சொல்லிக் கொடுங்கள். வண்டிக்கும் திரைக்கும் காசு கொடுக்க ஆள் இருக்கிறார்கள், அதில் பெயர் எழுதி ஒட்டலாம் பாருங்கள்.